தானாக ஏறாத எடை

எங்கள் சின்னத் தாத்தா ஒன்று சொல்வார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். பேச்செல்லாம் தெருவுக்கே கேட்கும், இதை மட்டும் மெதுவாகச் சொல்வார். "கூடப் பொறந்தவன் உன்னைக் குத்தம் சொல்லிட்டே கெடந்தான்னா விட்டுத்தள்ளு. என்னைக்கு அவன் குத்தம் சொல்றதை நிறுத்தறானோ, அன்னைக்கு நீ..." அன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மறந்துவிட்டது. ஏதோ ஒரு காரியம் சொன்னார். இந்த வாரம் முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

உட்காருங்கள். மாதேஷ் வரத் தாமதமாகும். அவன் என் தம்பி. வெளியே போர்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் அவனைத்தான் கேட்கிறார்கள். நான் அண்ணன், இளங்கோ. சாஃப்ட்வேர் எழுதுகிறவன் நான். அவன் விற்கிறான், போய் மாட்டிவிட்டு வருகிறான், மில் மில்லாகப் போய் டீ குடிக்கிறான்.

நீங்கள் நாமக்கல். கோழித் தீவன மில். போனில் மாதேஷிடம் கேட்ட அதே கேள்வியை என்னிடமும் கேட்டுவிட்டீர்கள்: "லாரி எடைமேடையில ஏறி நின்னா, எடை தானா கம்ப்யூட்டர்ல ஏறுமா?"

ஏறும். ஏற வேண்டும். அதற்காகத்தான் இதோ இந்தக் கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். கம்பைல் ஆகிறது, நான் எழுதினதைக் கம்ப்யூட்டர் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்கிறது. இது முடிகிற வரைக்கும் எனக்கும் வேலை இல்லை, உங்களுக்கும் இல்லை. அவசரம் இல்லையே?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மாதேஷ் வைத்திருந்த பழைய சாஃப்ட்வேர் ஒரு சாம்பல் நிறக் குப்பை. நான் ஜெர்மனியில் இருந்து வந்தபோது இந்த ஆத்தூர் வட்டாரத்து சேகோ மில்களில், அதாவது ஜவ்வரிசி ஆலைகளில் எல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது, இல்லை என்று சொல்லவில்லை. நான் வந்தேன். நானாகத்தான் வந்தேன், அங்கே எங்கள் பிரிவையே மூடினார்கள், அது வேறு விஷயம். வந்ததும் எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். வலைப்பக்கம் எழுதுகிற அதே மொழியில் எழுதி, அதைச் சுற்றி ஒரு உறை போட்டு, விண்டோஸ் சாஃப்ட்வேர் மாதிரி ஓட வைப்பது. இப்போது உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் திறக்கிற பாதி சாஃப்ட்வேர் உள்ளுக்குள் ஒரு பிரவுசர்தான். பார்க்க அழகாக இருக்கும். தமிழ் எழுத்து ஒழுங்காக வரும். மில்காரர்கள் பார்த்து அசந்துபோனார்கள், மாதேஷே சொன்னான்.

ஆனால் பிரவுசருக்குக் காது கிடையாது. எடைமேடைக்குப் பக்கத்தில் சிவப்பு எண் காட்டும் மீட்டர் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு கம்பி வழியாகத்தான் எடை வரும். அந்தக் கம்பியில் வருவதைப் படிக்க வலை மொழிக்குத் தெரியாது. அதற்கென்று தனியாகச் சி மொழியில் ஒரு சின்னத் துண்டு வேண்டும். நேட்டிவ் மாட்யூல் என்பார்கள். அந்தத் துண்டை, எந்த உறைக்குள் வைக்கப்போகிறோமோ அந்த உறையின் பதிப்புக்கும், எந்தக் கம்ப்யூட்டரில் ஓடப்போகிறதோ அந்தக் கம்ப்யூட்டரின் வகைக்கும் பொருத்தமாகக் கம்பைல் செய்ய வேண்டும். ஒன்று தப்பினாலும் உள்ளே வராது. கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி வாசலிலேயே நிற்கும்.

அதற்கு நான் பட்ட பாடு ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சின்னத் துண்டைக் கம்பைல் செய்ய, ஊர்ப்பட்ட சாமான்களை இறக்க வேண்டும். அது இல்லை என்று ஒரு நாள் நிற்கும், இது பழைய பதிப்பு என்று மறுநாள் நிற்கும். ஒரு தடவை காரணமே சொல்லாமல் நின்றது. கடைசியில் பார்த்தால், இந்தக் கம்ப்யூட்டரில் என் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, மாதேஷ் போட்டுக் கொடுத்தது. முதலில் அப்பாவின் இனிஷியல், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் என் பெயர். அந்த இடைவெளியைத் தாண்டிக் கம்பைலருக்குப் படிக்கத் தெரியவில்லை. பெயருக்கு முன்னால் அப்பாவை வைக்கிற ஊரில்தான் இந்த வியாதி வரும். நான் மாதேஷிடம் கேட்டேன், "யாருடா உன்னை இனிஷியல் போடச் சொன்னது?" அவன், "அப்பா பேரு இல்லாம எப்படிண்ணா போடறது, யாரோ மாதிரி இருக்கும்ல" என்றான். இந்த மாதிரி ஆளோடு நான் தொழில் செய்கிறேன்.

ஆனால் முடித்தேன். இதோ மேஜை மேல் இருக்கிறதே, மில்லில் இருக்கிற மாதிரியே மீட்டர்தான். இதில் வந்த எண் அப்படியே திரையில் வந்தது. நான் எழுந்து நின்று பார்த்தேன். சுகன்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுகன்யா இங்கே போன் எடுக்கிற பெண், இன்றைக்கு லீவு. லீவு போட்டிருக்கிறாள் என்று மாதேஷ் சொல்கிறான்.

சரி, எல்லாம் தயார். மில்களுக்கு அனுப்பப் போகிறோம். அப்போது மாதேஷ் வந்து நிற்கிறான். "அண்ணா, ஒரு வேளை கம்பியில எடை வரலைன்னா?"

"வரும்."

"வரும்ணா. ஒரு பேச்சுக்கு. கரண்டு போயிட்டு வருது, எலி கடிக்குது, ஏதோ ஒண்ணு. அன்னைக்கு கையில அடிக்கற மாதிரி ஒரு கட்டம் இருந்தா நல்லாருக்குமே. லாரி நிக்கக் கூடாதுண்ணா. கிழங்கு தாங்காது."

மரவள்ளிக் கிழங்கு தெரியுமா உங்களுக்கு? தோண்டின மறுநாளே உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். சீசனில் மில் வாசலில் வண்டி நின்றால் அவ்வளவுதான், ரகளை. அதனால் அவன் பிடுங்கல் தாங்காமல் அந்தக் கட்டத்தை வைத்தேன். மாட்யூல் ஏறவில்லை என்றால் 'எடை' என்று ஒரு கட்டம் திறக்கும், கையால் அடித்துக்கொள்ளலாம். பிழை என்று இங்கிலீஷில் ஒரு செய்தி வரும்படி வைத்திருந்தேன். "அதைப் பாத்தா ஆபரேட்டருங்க பயந்துக்குவாங்கண்ணா" என்று அதையும் எடுக்க வைத்தான். எடுத்தேன். யார் சொல்லி எடுத்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

போன சீசன் முழுக்க ஒரு புகார் கிடையாது. நம்புவீர்களா? ஒன்று கூட இல்லை. நான் சாயங்காலம் கிளம்பும்போது சுகன்யாவிடம் கேட்பேன், "ஏதாவது கால் வந்ததா?" "இல்லைங்க சார்." மாதேஷிடம் கேட்பேன், "மில்லில் எப்படி?" "சூப்பரா ஓடுதுண்ணா." ஜெர்மனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் நான், வெளியே போன சாஃப்ட்வேர் ஒரு வாரம் சத்தம் போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இது ஒரு சீசன். மாதேஷ் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அவன் மனைவியிடம் கூடச் சொன்னேன், பார்த்தாயாம்மா, ஒரு போன் வரவில்லை என்று. அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே மாதேஷைப் பார்த்தாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மில்லுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். எதற்குப் போக வேண்டும்? ஒழுங்காக எழுதின சாஃப்ட்வேருக்குப் பின்னால் எழுதினவன் போய் நிற்கக் கூடாது. ஜெர்மனியில் நாங்கள் எந்தக் கஸ்டமர் முகத்தையும் பார்த்ததில்லை.

இந்த ஆயுத பூஜைக்குத்தான் போனேன். பெரிய மில், முதலாளியே நேரில் வந்து அழைத்தார். எடைமேடைக்கு நாலு மூலையிலும் வாழைக் கன்று, பூசணிக்காய், எல்லாம் அமர்க்களம். ஆபரேட்டர் ரூமுக்குள் போனேன். கம்ப்யூட்டருக்குத் திருநீறு, குங்குமம். மவுஸுக்கு ஒரு பொட்டு. பிரிண்டருக்கு ஒரு முழம் பூ. சுவரில் ஒரு ஆணி. ஆணியில் அழகாகச் சுருட்டி ஒரு கம்பி தொங்குகிறது. அதன் முனைக்குச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

என் கம்பி. மீட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு வர வேண்டிய கம்பி.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே பூஜை முடிந்து முதல் வண்டியைக் கணக்குக்காக மேடை ஏற்றினார்கள். ஆபரேட்டர் அங்கமுத்து என்று ஒரு ஆள். முறுக்கின மீசை, கழுத்தில் துண்டு. ஜன்னல் வழியாக மீட்டரை ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டு, கோயில் வாசலில் ஏலம் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல் விட்டான் பாருங்கள். "பதினாலு... முன்னூத்தி நாப்பது." வண்டிக்காரர் அங்கிருந்து திருப்பிச் சொன்னார், "பதினாலு முன்னூத்தி நாப்பது." பக்கத்தில் நின்ற புரோக்கரும் சொன்னார். அதற்கப்புறம் அங்கமுத்து நிதானமாக என் சாஃப்ட்வேரில், அந்தக் கட்டத்தில், ஒற்றை விரலால் அடித்தான்.

அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? முதலாளி, அவர் மகன், புரோக்கர்கள், லோடுமேன்கள், எல்லார் கையிலும் பொரி. நான் ஆணியில் இருந்து கம்பியை எடுத்தேன். சந்தனத்தை என் வேட்டியிலேயே துடைத்தேன். மீட்டரில் ஒரு முனை, கம்ப்யூட்டரில் ஒரு முனை. சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன்.

கட்டம் திறந்தது. அதே வெள்ளைக் கட்டம். 'எடை.'

மறுபடியும் மூடித் திறந்தேன். அங்கமுத்து என் தோளுக்குப் பின்னால் இருந்து, ரொம்ப அக்கறையாகச் சொன்னான். "அது வராதுங்க சார். வந்ததே இல்லீங்களே."

"வந்ததே இல்லை என்றால்?"

"மாட்டுன நாள்லருந்துங்க. கம்பி சும்மா கால்ல தடுக்குதுன்னு நாந்தான் சுத்தி மாட்டி வெச்சேன். ஆனா கட்டம் அருமைங்க சார். பெருசா இருக்குது, கண்ணாடி இல்லாமயே தெரியுது. பழைய சாஃப்ட்வேர்ல இந்தக் கட்டம் இத்தினியூண்டு."

முதலாளி சிரித்தார். நல்ல மனுஷன்தான், கேலியாகச் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "உங்க தம்பி சொன்னாருங்க, அண்ணன் டெவலப் பண்ணிட்டே இருக்கறாரு, ஒரு நாள் தானா வரும்னு. நாங்க ஒண்ணும் அவசரப்படல. நீங்க மெதுவா பண்ணுங்க."

மெதுவாகப் பண்ணுங்க. ஒரு சீசன் முழுக்க ஓடி முடித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை, அவர்கள் எல்லாரும் சேர்ந்து, பிள்ளை நடக்கப் பழகுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாதேஷ் அந்தப் பக்கம் இருந்து பொரிப் பொட்டலத்தோடு வந்தான். என் கையில் கம்பியைப் பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பொரி எடுத்துக்கண்ணா" என்றான்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன். எல்லா மில்லிலும் இப்படித்தானா?

"ஆமாண்ணா."

"எப்போதிலிருந்து தெரியும்?"

"மாட்டுன அன்னைக்கே தெரியும்ணா."

"ஏண்டா சொல்லவில்லை?"

"சொன்னேண்ணா. எடை வரல போலருக்குதுன்னு சொன்னேன். நீ, கம்ப்யூட்டரை அணைச்சுப் போடச் சொல்லுன்னு சொன்ன."

"அதற்கப்புறம்?"

"அப்புறமும் ஒருக்கா சொன்னேன். நீ போன்ல இருந்த. கையக் காட்டிட்ட."

இதெல்லாம் சொன்னதாகுமா? ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறவன் உட்கார வைத்துச் சொல்வான், எழுதிக் கொடுப்பான், படம் எடுத்து அனுப்புவான். காற்றுவாக்கில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சொன்னேன் என்றால்?

"அப்புறம் நீ ரொம்ப சந்தோசமா இருந்தண்ணா," என்றான். ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். "ஊருக்கு வந்து அன்னைக்குத்தான் நீ சிரிச்சு நான் பாத்தேன். சரி, கட்டம்தான் வேலை செய்யுதே, வண்டி நிக்கலையே, இருக்கட்டும்னு விட்டுட்டேன். சுகன்யாகிட்டயும் சொன்னேன், அண்ணன்கிட்ட ஒண்ணும் போட்டுக் கொடுக்காதன்னு."

கேட்டீர்களா? என் தம்பி. என்மேல் இரக்கப்பட்டிருக்கிறான். ஒருவன் என்னை ஏமாற்றியிருந்தால் கூட நான் மரியாதை கொடுப்பேன், அதில் ஒரு பயமாவது இருக்கும். இது அப்படியில்லை. நான் இங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு ஒரு புகார் இல்லை, ஒரு புகார் இல்லை என்று சொல்லச் சொல்ல, இவர்கள் மூடின கதவுக்குப் பின்னால் போனை எடுத்து, "சார்கிட்ட சொல்லிடாதீங்க, கட்டத்துல அடிச்சுக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் சுகன்யாவைக் கேட்டேன். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் தெரியுமா? "கால் வந்துச்சுங்க சார். ஆனா திட்டறதுக்கு இல்லீங்க சார். எல்லாரும் கட்டத்தைப் பாராட்டித்தான் பேசுவாங்க." எந்த முகத்தோடு இதைச் சொல்வாள் ஒருத்தி? நான் கொஞ்சம் பேசினேன். அழுதாள். அழட்டும்.

என்ன தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. மில்களில் இருப்பதெல்லாம் தாத்தா காலத்துக் கம்ப்யூட்டர்கள், முப்பத்திரண்டு பிட். என்னுடையது அறுபத்து நாலு. உறை இரண்டு வகைக்கும் ஆயத்தமாகக் கிடைக்கும், அதனால் அது அங்கே திறந்துகொண்டது; மாட்யூலை மட்டும் நான் என்னுடையதற்குக் கம்பைல் செய்திருக்கிறேன். அது அங்கே எப்படி ஏறும்? ஏறாது. சரி, மில்லில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவராவது சொன்னார்களா? கேட்டால் மாதேஷ், "நீ கேக்கலையேண்ணா" என்கிறான். இவனுக்கு எல்லாவற்றுக்கும் இதே பதில்.

இப்போது கம்பைல் ஆவது முப்பத்திரண்டு பிட்டுக்கு. அதுதான் இந்த ஓட்டம். இன்னும் கொஞ்சம்தான். நடுவில் மஞ்சளாக வருவதெல்லாம் வெறும் எச்சரிக்கை, அதை நான் படிப்பதில்லை.

இனிமேல்தான் விஷயம். நேற்று மாதேஷிடம் சொன்னேன், புதிய பதிப்பில் அந்தக் கட்டம் இருக்காது. கம்பியில் வருகிற எடைதான் எடை. கையால் அடிக்கிற வேலையே கிடையாது.

அவன் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக ஒரு பயத்தைப் பார்த்தேன். "அண்ணா, அது மட்டும் வேண்டாம்."

"ஏன்? கம்பி வேலை செய்தால் கட்டம் எதற்கு?"

"கம்பி வேலை செஞ்சாலும் கட்டம் வேணும்ணா. அங்கமுத்து கூப்பிட்டாத்தான் வண்டிக்காரன் ஒத்துக்குவான். மூணு பேரு வாயில வந்த எண்ணுண்ணா அது. கம்ப்யூட்டர் தன்னால எழுதிக்கிச்சுன்னா, உள்ள என்னமோ அமுக்கிட்டாங்கன்னு சண்டைக்கு வருவான். மில்லுல சண்டைன்னா நம்மளைத்தான் கழட்டி விடுவாங்க."

நான் சொன்னேன், கையால் அடிக்கிற எண்ணில்தான் திருட முடியும். கம்பியில் வருகிற எண்ணை யாரும் தொட முடியாது. உலகம் பூராவும் இதைத்தான் நேர்மை என்று சொல்கிறார்கள்.

"ஊரே நின்னு கேக்கறப்ப கூவி எழுதறதுல எப்படிண்ணா திருடறது?" என்றான்.

ஒரு பொறியாளரிடம் வந்து, ஒரு ஆள் ஜன்னலில் நின்று கத்துவது உன் மாட்யூலைவிட நம்பிக்கையானது என்று ஒருவன் சொன்னால், அவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் கம்பைல் செய்ய உட்கார்ந்த காலம் எல்லாம், அவர்களுக்கு இது வேண்டியே இருக்கவில்லை. அதையாவது முதலில் சொல்லியிருக்கலாமே. எழுதச் சொன்னது யார்? சரி, நான்தான் எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்று ஒருவனாவது சொன்னானா?

இன்று காலையில் மறுபடியும் வந்தான். பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே, நீங்கள் செருப்பு விட்டிருக்கிறீர்களே, அங்கேயே நின்றான். "அண்ணா, எங்கூட ஒரே ஒரு மில்லுக்கு வா. நீயே கம்பியச் சொருகு, நீயே பாரு. அங்க சரியா வந்துச்சுன்னா அப்புறம் எல்லாத்துக்கும் அனுப்பு. சீசன் ஆரம்பிச்சிருச்சுண்ணா, வண்டி வரிசை கட்டி நிக்குது. இந்த சீசன்ல ஒரு நாள் மேடை நின்னுச்சுன்னா மில்காரங்க சங்கத்துல பேச்சு வந்துரும். சேலத்துக்காரன் சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு ரெடியா நிக்கறான். நமக்கு வேற தொழில் இல்லண்ணா. உனக்காவது வெளிநாடு இருக்குது."

வெளிநாடு இருக்கிறதாம். மில்லுக்கு வந்து, அந்த அங்கமுத்து முன்னால் மறுபடி குனிந்து கம்பி சொருகி, அவன் என் தோளுக்குப் பின்னால் நிற்க, அது வருமா வராதா என்று ஒரு கூட்டம் பொரி தின்றுகொண்டு பார்க்க... நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இங்கே மேஜை மேல் மீட்டர் இருக்கிறது, இங்கேயே பார்த்துவிட்டு அனுப்புவேன் என்றேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இருங்கள், அவன்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்கள்.

"சொல்லு."

"அண்ணா, மில்லுலதான் இருக்கறேன். புதுக் கம்பி வாங்கிட்டு வந்துட்டேன். இந்த ஒரு மில்லுக்கு மட்டும் அனுப்பு, நான் போட்டுப் பாத்துட்டு சொல்றேன்."

"மற்ற மில்களில் கம்பி?"

"ஆணியிலதாண்ணா இருக்குது. ஒவ்வொண்ணா போய்த்தான் சொருகணும். இன்னைக்கே எல்லா ஊருக்கும் எப்படிண்ணா போறது."

"கம்பியைச் சொருகுவது அவர்கள் வேலை. போனில் சொல்லு."

"நீ வர வேணாம்ணா. சரி. நீ சொல்றதும் சரி. கட்டத்தை மட்டும் விட்டு வை. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். அண்ணா? கேக்குதா?"

"ஆபீசில் நாமக்கல்லில் இருந்து ஆள் வந்திருக்கிறார். அப்புறம் பேசுகிறேன்."

"அவருகிட்ட எதுவும்..."

வைத்துவிட்டேன். பார்த்தீர்களா, இப்போதும் மறைக்கத்தான் சொல்கிறான். நான் அப்படி இல்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். ஒரு வியாபாரி இப்படிச் சொல்வானா? அதற்காகவே நீங்கள் எங்களிடம் வாங்க வேண்டும்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? உங்கள் மில்லில் எப்படி, எடையைக் கூவுவார்களா? அப்படியா. உங்களிடமும் ஒரு ஆளா? சரி சரி. விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போங்கள். வேண்டாமா? பரவாயில்லை, மாதேஷிடம் நம்பர் இருக்கும்.

ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம். முடிந்துவிட்டது, திரையைப் பாருங்கள். சரியாகக் கம்பைல் ஆகிவிட்டது என்று சொல்கிறது. இப்போது இந்த மேஜை மீட்டரில் ஒரு எண் போடுகிறேன். பாருங்கள், அதே எண். நான் தொடவில்லை, நீங்கள் சாட்சி. தானாக ஏறுகிறதா இல்லையா? இதே கம்ப்யூட்டர்தான், ஆமாம், என்னுடையதுதான். இதில் முப்பத்திரண்டும் ஓடும், அறுபத்து நாலும் ஓடும்.

கட்டத்தை எடுத்துவிட்டேன். எல்லா மில்லுக்கும் அனுப்பிவிட்டேன்.